செபாஸ்தியம்மாளின் இருபது நிமிடம்

செபாஸ்தியம்மாளைப் பாம்பு கடித்த நேரத்தில் அவள் ஆள் கணக்குப் பார்க்கிற பெருமாயியைத் திட்டிக்கொண்டிருந்தாள். வலது கணுக்காலுக்கு மேலே சுருக்கென்று ஏதோ தைத்தது. மக்காச்சோளத் தட்டைதான் குத்திவிட்டது என்று காலை உதறினாள். திட்டை நடுவில் விட்டுவிடக் கூடாதே என்று, "நெழல்ல நின்னு தலையை எண்ணுறவளுக்கு எதுக்குடி எங்களுக்குச் சமமாக் கூலி?" என்று முடித்தாள். அதற்குப் பிறகுதான் குனிந்து பார்த்தாள். ஒடித்துப் போட்ட கருதுகளுக்கு அடியில் விரித்திருந்த சாக்குக்குள் கறுப்பாக, இடையிடையே வெளுத்த பட்டையோடு ஒன்று நுழைந்துகொண்டிருந்தது. வால் மட்டும் வெளியே கிடந்தது. அதுவும் உள்ளே போயிற்று.

"ஆத்தே, கட்டுவிரியன்டி!" என்று அலறியவள் பெருமாயிதான். அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டு நின்றவள் முதல் ஆளாக ஓடிவந்து அவளைத் தாங்கிப் பிடித்தாள்.

ஆத்தூர் அணைக்குக் கீழே இருக்கிற அந்தக் காட்டில் அன்று பதினொரு பொம்பளைகள் கருது ஒடித்துக்கொண்டிருந்தார்கள். மூட்டை ஏற்றுவதற்கு வந்த குட்டியானை வண்டி வரப்போரம் நின்றது. அதன் டிரைவர் சடையாண்டி ஓடிவந்து, மூட்டை தைக்கிற சணல் கயிற்றை எடுத்து முழங்காலுக்குக் கீழே சுற்றி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு இறுக்கினான். லோடுக்குக் கயிறு போட்டுப் பழகிய கை. செபாஸ்தியம்மாள் கடிக்குக் கத்தவில்லை, கட்டுக்குக் கத்தினாள்.

"கத்தாதக்கா. வெசம் மேல ஏறக்கூடாது" என்று இன்னொரு முடிச்சுப் போட்டான்.

பெருமாயி தன் தூக்குவாளியைத் திறந்து ஒரு பச்சை மிளகாயை எடுத்து அவள் வாயில் திணித்தாள். விஷம் ஏறினவர்களுக்கு உறைப்பும் தெரியாது, கசப்பும் தெரியாது என்பது அந்தப் பக்கத்துக் கணக்கு. பத்துப் பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அவள் வாயையே பார்த்தார்கள்.

"நல்லா மெல்லு. ஒறைக்குதா?"

செபாஸ்தியம்மாள் மென்றாள். யோசித்தாள். "ஒறைக்கல."

"ஐயோ, ஒறைக்கலையாம்டி!"

அவ்வளவுதான், ஒப்பாரி கிளம்பிவிட்டது. ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டாள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ரோசலின் மட்டும் கத்தினாள்: "ஏ கூறுகெட்டவளுகளா, காலையில ஒரு சட்டி கஞ்சிக்கு நாலு மொளகாயைக் கடிச்சுத் தின்னவ இவ. இவளுக்கு என்னைக்குடி ஒறைச்சிருக்கு?"

ஒருத்தர் காதிலும் அது விழவில்லை. செபாஸ்தியம்மாளின் காதிலுமே விழவில்லை. உறைக்கவில்லை என்று தன் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. நாம் போய்விட்டோம் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

ரோசலின் அவளுடைய ஓரகத்தி. கொழுந்தன் பெண்டாட்டி. அடுத்தடுத்த வீடு, ஒரே கூலிக்கொத்தில் வேலை. பஸ்ஸில் போனாலும் வந்தாலும் ஒரே சீட்டு. ஆளும் மூட்டை மாதிரி திடமானவள். செபாஸ்தியம்மாளை இடுப்போடு தூக்கி வண்டியின் முன்சீட்டில் போட்டு, தானும் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள்.

"மேக்க ஒருத்தர் மந்திரிப்பாரு. கிட்டதான்" என்றான் சடையாண்டி.

"மந்திரமும் வேணாம் மயிரும் வேணாம். நேரா திண்டுக்கல்லு பெரியாஸ்பத்திரிக்கு விடு."

சடையாண்டி ஓடிப்போய் சாக்கைப் புரட்டி, தடியால் ஏழெட்டு அடி அடித்து, எதையோ உரச்சாக்குக்குள் தள்ளிப் பின்னால் வீசிவிட்டு வந்து வண்டியை எடுத்தான்.

வண்டி செம்பட்டியைத் தாண்டியது. கால் கொதித்தது. கட்டுக்குக் கீழே பாதம் கருநீலமாகி வீங்கிக்கொண்டு வந்தது. ரோசலின் அவள் தோளைச் சுற்றி அணைத்து, தன் முந்தானையால் அவள் முகத்து வியர்வையைத் துடைத்துவிட்டாள். அந்தக் கை பட்டதும்தான் செபாஸ்தியம்மாளுக்கு உண்மையான பயம் வந்தது. சாவுக்குப் பயம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. உள்ளே ஒன்று கிடந்தது. அதோடு செத்துப்போகிற பயம்.

மூன்று வருசத்துக்கு முந்தின கதை அது. ரோசலின் மகள் பிரிஸ்கில்லாவுக்கு ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை மின்வாரியத்தில் வேலை, குடி கிடையாது, சொந்த வீடு. செபாஸ்தியம்மாளின் மகள் டெய்சியை அதற்கு முந்தின வருசம்தான் ஒரு குடிகாரனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். குடிகாரன் என்று கட்டின பிறகுதான் தெரிந்தது. டெய்சி கன்னத்தில் கைத்தடத்தோடு வீட்டுக்கு வந்து நின்ற அதே வாரம், பக்கத்து வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கேசரி கிண்டிக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை நவநாள் பூசை முடிந்து கோவில் வாசலில் செருப்பைத் தேடும்போது மாப்பிள்ளையின் அத்தை கேட்டாள். "பொண்ணு எப்படி? நீங்க பெரியம்மா, ஒங்களுக்குத் தெரியாததா?"

"பொண்ணு தங்கம்" என்றாள் செபாஸ்தியம்மாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "சின்னதுல வலிப்பு வந்துச்சு. இப்பவும் தூக்கத்துல எப்பவாச்சும் வருமாம். பாவம், பிள்ளைக்கே அது தெரியாது. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

பிரிஸ்கில்லாவுக்கு இரண்டு வயதில் கடுங்காய்ச்சலில் ஒரு தடவை வெட்டி இழுத்தது நிஜம். அன்றைக்குப் பின்பக்கச் சுவருக்கு மேலாக செபாஸ்தியம்மாள் அதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு ஒரு தும்மல்கூடக் கூடுதலாக வந்ததில்லை. தூக்கத்தில் வருகிறது என்பது அவளே அந்த இடத்தில் நின்று சேர்த்தது. பிள்ளைக்கே தெரியாது என்று சேர்த்தாளே, அது இன்னும் மோசம். யாரும் இல்லையென்று சாதிக்க முடியாது. அந்தப் பெண்ணாலேயே முடியாது.

சம்பந்தம் முறிந்தது. தூக்கத்தில் வலிப்பு வருமாம், பிள்ளைக்கே அது தெரியாதாம், உங்கள் குடும்பத்து ஆளே சொன்னாங்க என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பழைய காய்ச்சல் சங்கதி தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர் என்று ரோசலின் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒன்று அவள். இன்னொன்று, அன்றைக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய தங்கச்சி கிளாரா. சின்னாளப்பட்டியில் தறிக்காரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கிளாரா தன் மகன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். ரோசலின் நம்பவில்லை. அந்த மகன் முதல்முறையாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்குப் போகவில்லை. கிளாரா கொடுத்தனுப்பிய சுங்குடிச் சேலையை மடிப்புக் கலையாமல் திருப்பி அனுப்பினாள். அன்றிலிருந்து அக்காளும் தங்கச்சியும் முகம் பார்க்கவில்லை.

தங்கச்சி போன இடத்தில் செபாஸ்தியம்மாள் வந்து உட்கார்ந்தாள். பஸ்ஸில் ரோசலின் கிளாராவைக் கரித்துக்கொட்டும்போதெல்லாம் இவள் பக்கத்தில் இருந்து உச்சுக்கொட்டினாள். வருசா வருசம் ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், "கோவப்பட்டேன் சாமி, பொய் சொன்னேன் சாமி" என்பாள். எந்தப் பொய் என்று சாமியாரும் கேட்டதில்லை, இவளும் சொன்னதில்லை. மூன்று அருள்நிறை மரியே சொல்லிவிட்டு வெளியே வந்து டீ குடிப்பாள்.

பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். காலைப் பார்த்ததும் முதல் கேள்வி, "யாரு இதைக் கட்டினது?"

"நான்தாங்க" என்றான் சடையாண்டி பெருமையாக.

"பாம்பு பண்ணினதைவிட நீங்க பண்ணினது ஜாஸ்தி. கால் நீலமானது கயித்தால. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே விட்டிருந்தா காலே போயிருக்கும்."

விஷமுறிவு மருந்தைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, கட்டை மெல்ல மெல்ல அவிழ்த்தார். சடையாண்டி பெருமை குறையாமல் உரச்சாக்கைத் தூக்கி வந்து வாயை விரித்துக் காட்டினான். கட்டிலில் கிடந்த நோயாளிகளில் இரண்டு பேர் டிரிப்போடு எழுந்து நின்றுவிட்டார்கள்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "இதுல தலை எங்க இருக்கு?"

"தலையத்தானுங்க மொதல்ல நசுக்குனேன்."

"அப்புறம் நான் என்னத்தைப் பார்த்து என்ன பாம்புன்னு சொல்றது? இது கட்டுவிரியனாவும் இருக்கலாம், அதே மாதிரி பட்டை போட்ட விஷமில்லாத பாம்பாவும் இருக்கலாம். வெளிய கொண்டு போங்க அண்ணே."

நர்ஸ் தாஹிரா நடுவயசுக்காரி. எதற்கும் அசராத முகம். செபாஸ்தியம்மாளின் கண்ணை விரித்துப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னாள். "ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டு எண்ணுங்க பாப்போம். நடுவுல மூச்சு வாங்கக் கூடாது."

செபாஸ்தியம்மாள் எண்ணினாள். இருபதைத் தாண்டினாள், முப்பதைத் தாண்டினாள். நாற்பத்தி மூன்றில் நர்ஸ் கையைக் காட்டி நிறுத்தினாள். "போதும்மா, போதும். என்ன வேலை பாக்குறீங்க?"

"காட்டு வேலை."

"அவ வாய் வேலை பாக்குறவ" என்றாள் ரோசலின். "மூச்சு வாங்காமப் பேசிப் பழக்கம்."

நர்ஸ் சிரித்தாள். ரோசலினும் சிரித்தாள். செபாஸ்தியம்மாளால் முடியவில்லை.

தாஹிரா அவள் கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து, ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, கட்டிலுக்கு எதிரே மேசைமேல் நிறுத்தி வைத்தாள். "இதை யாரும் தொடக்கூடாது, ஆட்டக்கூடாது. இருபது நிமிசம். ரத்தம் உறைஞ்சு கட்டியா நின்னா நல்லது. தண்ணியா ஓடினா வெசம் ஏறியிருக்குன்னு அர்த்தம். சில பாம்புக்கு ரத்தத்துல தெரியும், சிலதுக்கு கண் இமை சொருகும், நாக்கு கொழறும். அப்படி ஏதாச்சும் இருந்தா உடனே கூப்பிடுங்க."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து.

செபாஸ்தியம்மாள் குழாயைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் மனசு அந்த நிலையிலும் கணக்குப் போட்டது. இருபது நிமிடம் பொறுக்கலாம். உறைந்தால் சொல்ல வேண்டியதில்லை. ஓடினால் சொல்லிவிட்டுச் சாகலாம். நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது. ஆனால் நாக்கு குழறும் என்றாளே? நாக்கே திரும்பாவிட்டால் எதைச் சொல்வது? நாக்கை வாய்க்குள் புரட்டிப் பார்த்தாள். தடித்திருக்கிற மாதிரி இருந்தது. இன்னொரு தடவை புரட்டினாள். தடித்தே போய்விட்டது.

"ரோசலி, சாமியாரைக் கூப்பிடு."

"எதுக்கு?"

"சாகுமுன்ன அவஸ்தை எண்ணெய் பூசணும்."

"வாயை மூடுக்கா. டாக்டரம்மாவே ஒண்ணும் சொல்லல, இவளுக்கு அதுக்குள்ள அவஸ்தை பூசணுமாம். பிரிஸ்கில்லாவுக்குப் போன் பண்ணிட்டேன். ஷிப்டு முடிஞ்சு கஞ்சி வச்சு எடுத்தாரேன்னா. டெய்சிக்குப் பொறவு சொல்லிக்கிறலாம், பாவம், பயந்துரும்."

பிரிஸ்கில்லா கஞ்சி கொண்டுவருகிறாள். அது நெஞ்சில் போய் முட்டியது. மணி பதினொன்று இருபத்தொன்று. பாதிக்கு மேல் போய்விட்டது.

"ரோசலி. அந்த ஈபி மாப்பிள்ளை வீட்டுல சொன்னது நான்."

"எதை?"

"வலிப்புன்னு."

ரோசலின் அவள் கையைப் பிடித்தபடியே இருந்தாள். புரியவில்லை. பிறகு மெல்லப் புரிந்தது. செபாஸ்தியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு மீதியையும் சொன்னாள். கோவில் வாசல், செருப்பு, அத்தை, பின்பக்கச் சுவர், ஒன்றையும் விடவில்லை. நாக்கு கொஞ்சமும் குழறவில்லை.

"தூக்கத்துல வருதுன்னு சொன்னியே, அதைப் பாத்தியா?"

"பாக்கல. நானாச் சேத்துக்கிட்டேன்."

"அப்ப பிள்ளைக்கு?"

"ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே இல்லடி."

ரோசலின் குழாயைப் பார்த்தாள். "கிளாரா இல்லையா?"

"கிளாரா இல்ல."

"கிளாரா சொல்லவே இல்லையா?"

"இல்ல."

"மூணு வருசமா ஒன் பக்கத்துல ஒக்காந்துதானே அவளை மண்ணை வாரித் தூத்துனேன். அப்ப நீ என்ன சொன்ன?"

செபாஸ்தியம்மாள் மூடின கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

"சொல்லுடி. என்ன சொன்ன?"

"கூடப்பொறந்தவளே இப்படி இருந்தா ஊரான் எப்படி இருப்பான்னு சொன்னேன்."

அதுவரை ரோசலின் மூத்த ஓரகத்தியை ஒரு தடவைகூட 'டி' போட்டதில்லை. பிடித்திருந்த கையை எடுத்தாள். எழுந்தாள். அடிப்பாள் என்று செபாஸ்தியம்மாள் எதிர்பார்த்தாள், அடித்திருந்தால் தேவலை. ரோசலின் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மீதி ஐந்து நிமிடம் இருந்தது. காலையிலிருந்து போன நேரமெல்லாம் ஒரு கணக்கே இல்லை, அந்த ஐந்து நிமிடம்தான் நேரம். பக்கத்துக் கட்டில் கிழவர் இருமினார். சடையாண்டி டீ வாங்கப் போனவன் வரவில்லை. செத்தால் பக்கத்தில் ஒரு ஆள் கிடையாது. அவள் குழாயையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். உள்ளே இருப்பது கறுப்பாகத் தெரிந்தது. கட்டியா, தண்ணீரா, ஒன்றும் சொல்ல முடியவில்லை.

பதினொன்று முப்பதுக்குத் தாஹிரா வந்தாள். "கூட இருந்தவங்க எங்க?"

"போயிட்டாங்க."

நர்ஸ் குழாயை எடுத்து மெதுவாகச் சாய்த்தாள். செபாஸ்தியம்மாளுக்குப் பார்க்கத் தைரியமில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. குழாய் படுத்தது. ரத்தம் அசையவில்லை. அடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"உறைஞ்சிருச்சும்மா. களி மாதிரி நிக்குது பாருங்க."

"அப்படின்னா?"

"அப்படின்னா இப்போதைக்கு நல்லா இருக்கீங்க. மணிக்கு ஒருதடவை இன்னும் ரெண்டு மூணு தடவை பாப்போம். நாளைக்குக் காலைல வரைக்கும் இங்க இருக்கணும்."

அவள் மனசில் முதலில் வந்த நினைப்பு இதுதான்: இன்னும் ஒன்பது நிமிடம் வாயை அடக்கியிருந்தால் போதுமே, பாவி. இரண்டாவதாகத்தான் உயிரோடு இருக்கிறோம் என்பது உறைத்தது. பிறகு அழுதாள். ஒப்பாரி மாதிரி இல்லாமல், சத்தமில்லாமல், மூக்கு ஒழுகி ஒழுகி அழுதாள். பாறாங்கல் சுமந்தவர்களுக்குத் தெரியும், இறக்கி வைத்த நிமிடத்தில் கை தானாக மேலே எழும்பும். அவளுக்கு நெஞ்சே அப்படி எழும்பியது. இனி ரோசலின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் அப்படியே இருந்தது. ஆனாலும் மூச்சு லேசாக இருந்தது.

அப்போதுதான் தலைமாட்டு ஜன்னலுக்கு வெளியே குரல் கேட்டது. ரோசலின் போகவில்லை. தாழ்வாரத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டிருந்தாள் என்று சொல்ல முடியாது.

"நான்தான்... நான்தான்டி... ஆமா, அக்காதான்... வச்சுராத. வச்சுராதடி... நீ சொல்லலைடி, நீ சொல்லலை. எனக்கு இப்பத்தான் தெரியும்..." அதற்கு மேல் வார்த்தை இல்லை. அழுகைதான். அந்தப் பக்கத்திலிருந்தும் அழுகைதான் வந்திருக்க வேண்டும். வெகுநேரம் யாரும் போனை வைக்கவில்லை.

உள்ளே வந்தபோது ரோசலின் முகம் வீங்கியிருந்தது. செபாஸ்தியம்மாளைப் பார்க்காமல் நேராக நர்ஸிடம் போய்க் கேட்டாள். "சிஸ்டர், ரத்தம் கட்டிருச்சா?"

"கட்டிருச்சு. பயமில்ல."

"மாதாவே" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு கட்டிலுக்கு வந்து இடுப்பில் கையை வைத்து நின்றாள். "பொழச்சுக்கிட்ட. நல்லது. நீ செத்திருந்தா இதையெல்லாம் நான் யார்கிட்டப் போய்க் கேக்குறது?"

கேட்டாள். அரைமணி நேரம் கேட்டாள். டெய்சி அடிபட்டு வந்து நின்றபோது வண்டி பிடித்துப் போய் அந்தக் குடிகாரன் சட்டையைப் பிடித்தது யார் என்று கேட்டாள். உன் புருசன் சாவுக்கு மூணு நாள் சோறு பொங்கினது யார் என்று கேட்டாள். நோயாளிகள் இருமலை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். வாயால் ஒரு ஊரையே கட்டி மேய்த்த செபாஸ்தியம்மாள் ஆமா, ஆமா என்று மட்டும் தலையாட்டினாள்.

இரண்டாவது தடவை ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும்போது கிளாரா வந்து சேர்ந்தாள். சின்னாளப்பட்டியிலிருந்து ஆட்டோ பிடித்து, வீட்டுச் சேலையோடு, தலை வாராமல் வந்திருந்தாள். அக்காளும் தங்கச்சியும் வாசலில் ஒருத்தியை ஒருத்தி பார்த்தபடி நின்றார்கள். யார் முதலில் நகர்ந்தது என்று தெரியவில்லை. கிளாரா அக்காள் தோளில் நாலு அடி அடித்தாள், நிஜ அடி. பிறகு கட்டிக்கொண்டாள்.

"அவ வாயால நீ கேக்கணும்" என்று ரோசலின் தங்கச்சியைக் கட்டிலுக்கு இழுத்து வந்தாள். "சொல்லு. என்கிட்டச் சொன்னதை அப்படியே சொல்லு."

செபாஸ்தியம்மாள் வார்டு முழுக்கக் கேட்க இன்னொரு தடவை சொன்னாள். இரண்டாம் தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை.

கிளாரா கேட்டுவிட்டு அவள் வீங்கின காலையே பார்த்தாள். "எம்மவன் தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணுனேன். அந்த மாசமே அவனுக்கு மஞ்சக்காமாலை வந்துச்சு. பொய்ச் சத்தியம் பண்ணுனதுக்குத்தான்னு என் மாமியாவே சொல்லிச்சு. அப்ப நான் செய்யாததை செஞ்சுட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்திருச்சு, மதினி."

"என்னைய மன்னிச்சிரு கிளாரா."

"அதெல்லாம் இப்ப வராது. பாப்போம்."

மூன்றாவது குழாயும் உறைந்தது. பிரிஸ்கில்லா ஸ்பின்னிங் மில் ஷிப்டு முடித்து, தலைமுடியில் பஞ்சுத் தூசி அப்பியிருக்க, கஞ்சி வாளியோடு வந்தாள். வந்தவளுக்கு அம்மாவையும் சித்தியையும் ஒரே பெஞ்சில் பார்த்ததே அதிர்ச்சி. ரோசலின் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து விசயத்தைச் சொன்னாள். செபாஸ்தியம்மாள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வேறு யாருக்கு வேண்டுமானாலும் முகம் காட்டலாம், இந்தப் பிள்ளைக்கு முடியாது.

"பெரியம்மா."

திரும்பவில்லை.

"பெரியம்மா, இங்க பாருங்க. தூக்கத்துல எனக்கு வலிப்பு வந்து நீங்க ஒருதடவைகூடப் பாத்ததில்லையா?"

"இல்ல கண்ணு. சத்தியமா இல்ல."

பிரிஸ்கில்லா தன் கைப்பையைத் திறந்து எதையோ எடுத்தாள். ஒரு பெரிய இரும்புச் சாவி. எந்தப் பூட்டுக்கு உள்ளதோ, விரல் நீளம் இருந்தது. "மூணு வருசமா தெனமும் இதைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குறேன். வலிப்பு வந்தா இரும்பு கையில இருக்கணும்ல. மில்லு ஹாஸ்டல்ல நைட் ஷிப்டுக்குத் தங்கச் சொன்னா மாட்டேன்னுருவேன். தூங்கும்போது பக்கத்துல இருக்கிறவ பாத்துட்டான்னா என்ன பண்றதுன்னு. காலைல எந்திரிச்சதும் நாக்கைக் கடிச்சிருக்கேனான்னு கண்ணாடில பாப்பேன். வந்ததும் எனக்கே தெரியாதுன்னு சொல்லிட்டாங்கள்ல, அப்ப வரலைன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

ரோசலின் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள். மகள் உள்ளறையில் சாவியோடு தூங்கியதும், அம்மா கதவிடுக்கு வழியாக விடியவிடியக் காவல் இருந்ததும் ஒருத்திக்கொருத்தி தெரியாமல் நடந்திருக்கிறது.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் பிரிஸ்கில்லா. அதை ஒரு தடவை சொல்லிப் போதாமல் இன்னொரு தடவை சொன்னாள். "எனக்கு ஒண்ணுமே இல்ல." பிறகு சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். கிளாராவும் சிரித்தாள். தாஹிரா ஓடிவந்து, "இது ஆஸ்பத்திரியா, கல்யாண வீடா?" என்று அதட்டினாள்.

பிரிஸ்கில்லா கஞ்சியை டம்ளரில் ஊற்றிப் பெரியம்மா கையில் கொடுத்தாள். ஊட்டவில்லை. கொடுத்ததே பெரிது.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும்" என்றாள் ரோசலின், யாரையும் பார்க்காமல், "அந்த மாப்பிள்ளையோட அத்தை அதே வாசல்லதான் நிப்பா. இங்க சொன்னதை அங்கயும் சொல்லணும். அவ சொல்லித்தான் அதுக்குப் பொறவு வந்த ரெண்டு சம்பந்தமும் நின்னுச்சு."

"சொல்றேன்."

"மெதுவாச் சொல்லக் கூடாது. நாலு பேர் காதுல விழணும்."

"எனக்கு எப்பம்மா மெதுவாப் பேச வந்துச்சு?" என்றாள் செபாஸ்தியம்மாள். ரோசலினுக்கு உதட்டோரம் ஏதோ அசைந்தது. அதைச் சிரிப்பாக விட்டுவிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் சீட்டெழுதி அனுப்பினார்கள். வீக்கம் பாதி வடிந்திருந்தது. என்ன பாம்பு என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. விஷமில்லாததோ, விஷமிருந்தும் அதை இறக்காமல் கடித்துவிட்டுப் போனதோ என்றார் டாக்டர். பிரிஸ்கில்லா ராத்திரியே வீட்டுக்குப் போய்விட்டாள்; பஸ் ஸ்டாண்டு வரை மீதி மூன்று பேரும் ஒன்றாக வந்தார்கள். செபாஸ்தியம்மாள் நொண்டிக்கொண்டு பின்னால் வந்தாள். முன்னால் போன இரண்டு பேரும் மூன்று வருசத்துப் பேச்சைப் பேசிக்கொண்டு போனார்கள். ஒருத்தி முடிக்குமுன் இன்னொருத்தி தொடங்கினாள்.

சின்னாளப்பட்டி பஸ் முதலில் நின்றது. ரோசலின் தங்கச்சியோடு அதில் ஏறினாள். நான் வாரேன் என்றோ, நீ போ என்றோ ஓரகத்தியிடம் சொல்லவில்லை. இத்தனை நாளும் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தவள் இனி அங்கே உட்கார மாட்டாள் என்று செபாஸ்தியம்மாளுக்குத் தெரிந்தது. தெரிந்ததுதான், நியாயமும்தான்.

ஆத்தூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்தாள். எதிரே நகர்ந்த பஸ்ஸிலிருந்து ரோசலின் தலையை வெளியே நீட்டிக் கத்தினாள்: "ஏ, ரெண்டு நாளைக்குக் காட்டுப் பக்கம் போயிராத! அந்த மாத்திரையைச் சோத்துக்குப் பொறவு தின்னு! ஞாயித்துக்கிழமை ஏழரை மணிக்கு வாசல்ல நிக்கணும், மறந்துராத!"

"நிக்கிறேன்!" என்று செபாஸ்தியம்மாளும் கத்தினாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

கண்டக்டர் வந்தார். "எங்கம்மா?"

"ஆத்தூரு. ஒரே டிக்கெட்டு" என்றாள். செம்பட்டி வருவதற்கு முன்னாலேயே தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்து, வாய் திறந்தபடி தூங்கிப்போனாள். அவளுக்கு அப்படித் தூக்கம் வந்து வருசக்கணக்காகிவிட்டது.